மூன்றாம் மாடி மணப்பெண்

நரம்பில்லாத நாக்கு என்பார்கள். என் வாயில் இருப்பது அந்த ரகம்தான். இல்லாவிட்டால் நாரின் மலையில், சம்பந்தி வீட்டு விரிப்பில் உட்கார்ந்து, வாய் நிறைய ஆட்டுக்கறியை வைத்துக்கொண்டு அப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேனா?

என் மகன் எர்மெக்குக்குப் பெண் கேட்டுப் போயிருந்தோம். பெண்ணின் பெயர் சைகல். காதில் தோடு போட்டு நிச்சயம் முடிந்தது. அவள் அம்மா எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தபோது கைகளைப் பார்த்தேன். விரல் கணுவெல்லாம் வெடித்துக் கோடு கோடாகப் பிளந்திருந்தது. வீட்டுக்குக் கீழே சரிவில் ஒரு வாய்க்கால். குளிர்காலத்தில் கோடரியால் பனிக்கட்டியை உடைத்து, வாளியில் மொண்டு மேலே சுமந்து வர வேண்டும். நாற்பது வருஷமாக அதே வேலை. அந்த அம்மாள் எங்களிடம் நகை கேட்கவில்லை, ஆட்டு மந்தை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"உங்க வீட்டுல தண்ணி எங்கேர்ந்து வருது சம்பந்தி?"

"எங்கேர்ந்தா? பிஷ்கெக் ஆச்சே, தலைநகரம்! குழாயைத் திருகினா கொட்டும். நிறுத்தறதுதான் கஷ்டம்."

"அது போதும். எம் பொண்ணு வாளி தூக்கக் கூடாது. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அன்று காலை நான் கிளம்பும்போது என் வீட்டுக் குழாயில் வந்தது சொட்டுத் தண்ணீர்தான். அதுவும் தேநீர் நிறத்தில். ஒரு கெண்டி நிரம்ப இருபது நிமிஷம் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எர்மெக் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் இன்னொரு துண்டுக் கறியை எடுத்துக்கொண்டேன்.

இப்போது கல்யாணம் வந்துவிட்டது. சனிக்கிழமை பெண் வருகிறாள். திங்கட்கிழமை பிளம்பர் கென்னாதியைக் கூட்டிவந்தேன். அறுபது வயசு ஆள். எங்கள் தெருவில் அவர் முழங்கால் படாத குளியலறை கிடையாது. என் வீட்டுக் கிளைக் குழாயில் ஒரு துண்டை அறுத்து மூக்குக்கு நேரே நீட்டினார்.

"உன் சுண்டுவிரலை விடு பார்க்கலாம்."

"நுழையலையே."

"சுண்டுவிரலே நுழையல, தண்ணி எப்படி நுழையும் தங்கச்சி? உள்ள பூரா துரு. இது எங்கப்பா காலத்துல போட்ட குழாய். அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, இது இன்னும் போகல."

எங்கள் கட்டடத்தில் நிலவறையிலிருந்து கிளம்பும் இரும்புக் குழாய், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் ஐந்து குளியலறைகளையும் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. நான் நான்காவது. கீழிருந்து மேல்வரை ஒரே மூச்சில் மாற்றினால்தான் பலன், நடுவில் ஒரு வீட்டை விட்டாலும் அங்கேயே அடைத்துக்கொள்ளும் என்றார் கென்னாதி. வியாழக்கிழமை மட்டும்தான் அவருக்கு ஒழிவு. ஒரே நாளில் முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். முதல் மாடி சரி, இரண்டாம் மாடி சரி, ஐந்தாம் மாடி ரைசாவுக்கோ சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. அவளுக்குச் சொட்டுகூட வருவதில்லை. மூன்றாம் மாடி ஷார்ஷென் மட்டும் கதவுச் சங்கிலியை எடுக்காமல் இடுக்கு வழியாகப் பேசினான்.

"முடியாதுக்கா. ஈரான் டைல்ஸ். மயில் படம் போட்டது. குழாய் அதுக்குப் பின்னால இருக்கு. ஒரு மயில் உடைஞ்சாலும் அதே மயில் திரும்பக் கிடைக்காது."

"நான் வரைஞ்சு தர்றேன்டா. கதவைத் திற."

"தலைகீழா நின்னாலும் நடக்காது."

"எம் மருமக வர்றாடா! மாமியார் வீட்டுல கால் வைக்கிறவளுக்கு மொகம் கழுவத் தண்ணி வேணாமா?"

"வாளியில பிடிச்சு வையேன்."

வாளி! எங்கே அடித்தால் வலிக்குமோ அங்கேயே அடித்தான் பாவி. கதவை ஓங்கி ஓர் உதை விட்டேன். என் கால் கட்டைவிரல்தான் வீங்கியது.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? ஷார்ஷென் டாக்ஸி ஓட்டுகிறவன், நல்ல வாயாடி, விருந்து கொடுப்பதில் மன்னன். ஆனால் போன இலையுதிர் காலத்தில் குளியலறையைப் புதுப்பித்ததிலிருந்து ஒரு ஆளை அந்தப் பக்கம் விடவில்லை. அவன் வீட்டு விருந்தாளிக்கு அவசரம் என்றால் படியேறி என் வீட்டுக்கு அனுப்புவான். அப்புறம் அந்தச் சத்தம். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வீட்டில் ஏதோ ரீங்காரமிடும். கேட்டால் குளியலறை விசிறி என்பான். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக் குழாய் இருமும், செருமும், நின்றே போகும். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு மூளை இல்லை. கல்யாண வேலையில் பெண்ணை உட்கார வைக்கும் திரைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தேன்.

தைக்கும்போதுதான் ஊசி விரலில் குத்தியது. யோசனை தலையில் குத்தியது.

எங்களில் புதிதாக எதையும் வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. பிறந்த குழந்தையானாலும், வாங்கிய காரானாலும், திரைக்குப் பின்னால் தலைகுனிந்திருக்கும் மணப்பெண்ணானாலும், முதல்முறை பார்ப்பவர் கையில் ஏதாவது கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காணிக்கைக்குப் பெயர் கோருந்துக். அதை வாங்கியவர் காட்டியே ஆக வேண்டும். வாங்கிக்கொண்டு மறைத்தால் ஊர் காறித் துப்பும்.

வியாழக்கிழமை நடுப்பகலில் ஷார்ஷென் பொதுக் குளியல் கூடத்துக்குப் போவான். வீட்டில் மயில் டைல்ஸ் குளியலறை, குளிக்கப் போவது பொதுக் கூடம்! அவன் தெருமுனை தாண்டியதும் மற்ற நான்கு மாடிப் பெண்களும் கையில் ரொட்டியோடு வரிசையாக மூன்றாம் மாடி வாசலில் நின்றோம். கென்னாதி கருவிப் பையோடு படி வளைவில் ஒளிந்துகொண்டு, சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தது ஷார்ஷென் மனைவி ஜிபெக். சின்னப் பெண். கள்ளங்கபடம் தெரியாதவள். ஓஷ் நகரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு மாதத்தில், அவளுக்குத் தெரியாமலே கணவன் அந்தக் குளியலறையைக் கட்டிவைத்து அசத்திவிட்டான். அதை நாலு பேருக்குக் காட்ட முடியாமல் பாவம் ஆறு மாதமாக வெந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, அவரு யாரையும் உள்ள விடாதேன்னு..."

"ரொட்டியோட வந்திருக்கோம் ஜிபெக். ரொட்டியை வாசல்லயே திருப்பி அனுப்பின வீடு இந்தத் தெருவுல உண்டா?"

சங்கிலி கழன்றது.

"தப்பு எங்க மேலதான்மா" என்றேன், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு. "ஆறு மாசமாச்சு. புதுசா ஒண்ணு வந்திருக்கு, பார்க்கவும் வரல, கையில ஒண்ணும் வைக்கவும் இல்ல. அக்கம்பக்கத்துக்காரங்களா நாங்க?"

நாரின் சம்பந்திக்கு என்று வாங்கி வைத்திருந்த பூப்போட்ட வெள்ளைத் தலைத்துணியை எடுத்து அவள் தோளில் போட்டேன். வேறு நல்ல துணி என்னிடம் இல்லை. மனசு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ரைசா மிட்டாய்ப் பெட்டியை நீட்டினாள். முதல் மாடிக்காரி ஒரு துவாலை. இரண்டாம் மாடிக்காரி வாசனை சோப்பு, மூன்று கட்டி.

ஜிபெக்கின் முகம் பூரித்துப் போயிற்று. "குளியலறைக்கா கோருந்துக்?"

"ஏன், அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? வாங்கிக்கம்மா."

வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும், ஒவ்வொன்றாக, நன்றி சொல்லி. எங்களைக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. சுவர் பூரா நீலம், நடுவில் தோகை விரித்த மயில்கள். ரைசா ஒவ்வொரு மயிலையும் தடவித் தடவிப் பார்த்தாள். நாங்கள் ஆகா என்றோம், அடடா என்றோம். பிறகு யாரும் நகரவில்லை. நின்றுகொண்டே இருந்தோம்.

"பார்த்தாச்சாக்கா? தேநீர் போடட்டுமா?"

"திரையைப் பார்த்தாச்சு" என்றேன். "பொண்ணு எங்க?"

"எந்தப் பொண்ணு?"

"மயில் போட்ட திரை ரொம்ப ஜோர். அதுக்குப் பின்னால உக்கார்ந்திருக்காளே, அந்தக் குழாய்ப் பொண்ணு, அவ மொகத்தைப் பார்க்கத்தானே தலைத்துணி குடுத்தேன்? கோருந்துக் வாங்கிட்டு, திரையை மட்டும் காட்டி அனுப்புவியா?"

ஜிபெக் என்னைப் பார்த்தாள். தோளில் கிடந்த துணியைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கை ஒரு கணம் உயர்ந்தது; திருப்பிக் கொடுத்தால் அது இன்னும் கேவலம். கை அப்படியே இறங்கியது.

"அக்கா... நீ பெரிய கேடி அக்கா."

"தெரியும் தங்கம்."

"உடைக்காம முடியுமா?"

"கென்னாதி அண்ணே!" என்று நான் கூப்பிட்ட கூப்பாட்டில் அவர் வந்த வேகம், காதை வாசலிலேயே வைத்திருந்தார் போலிருக்கிறது. அவர் சுவரை விரல் மடக்கித் தட்டிக்கொண்டே போனார். மயில், மயில், மயில். மூலையில் இருந்த மயில் மட்டும் டொக்கென்று வெற்றொலி கொடுத்தது. கத்தி முனையை இடுக்கில் விட்டு நெம்பினார். உடையவே இல்லை. டைல்ஸ் பதித்த ஒரு பலகை, அலமாரிக் கதவு மாதிரி அப்படியே திறந்துகொண்டது. காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறான்!

உள்ளே துருப்பிடித்த கிழக்குழாய். அதன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, பளபளவென்று பச்சை நிறத்தில், ஒரு மோட்டார் பம்பு.

நாங்கள் ஐந்து பெண்களும் வாயைப் பிளந்தோம்.

"அடேங்கப்பா" என்றார் கென்னாதி. "பொண்ணு நல்லா கொழுகொழுன்னு இருக்கா. மேல ரெண்டு மாடித் தண்ணியையும் உறிஞ்சிக் குடிச்சா ஏன் இருக்க மாட்டா?"

ஆறு மாதம்! ஆறு மாதமாக நான் நள்ளிரவிலும் விடிகாலையிலும் எழுந்து சொட்டுச் சொட்டாகப் பிடித்த தண்ணீர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, அதன் மேல் மயிலை ஒட்டியிருக்கிறான்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நேரம் ஷார்ஷென் மட்டும் கிடைத்திருந்தால் தொலைந்தான்.

கிடைத்தான். குளித்துச் சிவந்த முகமும், கழுத்தில் துவாலையும், கையில் குளிக்கும்போது முதுகில் அடித்துக்கொள்ளும் இலைத் துடைப்பமுமாக உள்ளே வந்தான். எங்களைப் பார்த்தான், திறந்திருந்த மயிலைப் பார்த்தான். சிவப்பு வெளுப்பாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் ஜிபெக் முந்திக்கொண்டாள்.

"விசிறின்னியே? விசிறியா இது? ரைசா அக்கா தலைக்குத் தண்ணி இல்லாம என்கிட்ட வந்து வாளியில வாங்கிட்டுப் போனாங்களே, அவங்க தண்ணியையேவா அவங்களுக்குத் தானம் பண்ணேன்?"

அவன் கையிலிருந்த துடைப்பத்தை அவள் பிடுங்கிக்கொண்டாள். மீதியை நான் சொல்ல மாட்டேன், குடும்ப விஷயம். கென்னாதி நிலவறைக்குப் போய் வால்வை மூடினார். ரம்பச் சத்தம் ஐந்து மாடியிலும் கேட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டில் புதுக் குழாயைத் திருகினேன். முதலில் காற்று, அப்புறம் ஒரு வாய் சேறு, அப்புறம் வெள்ளைவெளேரென்று தண்ணீர். கையை அதன் கீழேயே வைத்திருந்தேன். விரல் மரத்துப் போகும்வரை எடுக்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சைகல் வந்தாள். திரைக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்தாள். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோருந்துக் வைத்தார்கள். ஷார்ஷென் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். ஜிபெக் பின்னாலிருந்து முதுகில் தள்ளிக்கொண்டு வந்தாள் என்பதே சரி. கையில் கனமாக ஒரு மூட்டை. கட்டியிருந்த துணியை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். என்னுடைய பூப்போட்ட தலைத்துணி! அது யாருக்கு வாங்கியது, அந்த அம்மாள் வாளி சுமந்து கை எப்படி வெடித்திருக்கிறது என்பதையெல்லாம் வியாழக்கிழமையே ஜிபெக்கிடம் சொல்லியிருந்தேன்.

"துணி உங்கம்மாவுக்கும்மா" என்றான் திரையைப் பார்த்து. "உள்ள இருக்கறதும் அவங்களுக்குத்தான். பம்பு. பனி உருகினதும் நானே நாரினுக்கு வந்து வாய்க்கால்ல மாட்டித் தர்றேன். வாசல் வரைக்கும் ஏத்தும்."

 மணப்பெண் பேசவே கூடாது. திரைக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. திருட்டுப் பயல், இப்படிச் செய்துவிட்டானே, இனி இவனை எப்படித் திட்டுவது?

அப்புறம் பெண்ணின் சீர்ப்பெட்டியைத் திறந்தார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்கள். மெத்தைகள், தலையணைகள், கம்பள விரிப்பு. அடியில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு புத்தம்புது வாளிகள்.

 ரைசா என்னைப் பார்த்தாள். எர்மெக் கூரையைப் பார்த்தான்.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

பேசக் கூடாதவள் பேசினாள். "இவரு நிச்சயத்தன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிட்டாரு அத்தை. அம்மாகிட்ட நான் சொல்லல. தூக்கிப் பழகின கைதானேன்னு நானே வாங்கி வெச்சேன்."

என் பொய்யைத் தெரிந்துகொண்டே வந்திருக்கிறாள். வாளியும் கையுமாக வந்திருக்கிறாள்! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு, திரையை விலக்கி அவள் கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்கச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். வாளியைக் குழாயடியில் வைத்து, குழாயை அவளையே திருகச் சொன்னேன். தண்ணீர் இரைந்துகொண்டு கொட்டியது. பாதி, முக்கால், விளிம்பு. சைகல் முக்காட்டுக்குள்ளே சிரித்தாள்.

"நெறஞ்சிடுச்சு அத்தை."

"ஓடட்டும்" என்றேன். வழிந்து தரையில் ஓடியது. எங்கள் இருவரின் செருப்பும் நனைந்தது. இன்னும் ஓடட்டும் என்றேன்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஷார்ஷென் ஓடிவந்தான்.

"அக்கா, போதும்க்கா! கீழ எங்க வீடு!"