இந்த வருடம் யார் எறிவது?

மார்ச் மாதச் சனிக்கிழமைகளில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் செய்வதற்குப் பெரிதாக எதுவும் இருக்காது. ஆற்றில் பனி உடைந்துகொண்டிருக்கும், படகு விட முடியாது. புல் தலைகாட்டியிருக்கும், வெட்டும் அளவுக்கு வளர்ந்திருக்காது. பந்தைக் கையால் எறிந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால் சீசன் ஜனவரியோடு முடிந்துவிடும். அடுத்ததற்கு செப்டம்பர் வரவேண்டும். அதனால் ஆற்றின் கிழக்குக் கரைக்காரர்கள் இர்மா ஹொர்வாத்தின் உணவகத்தில் உட்கார்ந்து, இல்லாத ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

அந்த வருடம் சண்டை ஒரே ஆளைப் பற்றியதாக இருந்தது. டொலீடோ ஹெரன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் கால்டர் ரீஸ். ஹெரன் என்றால் நாரை. அணியின் தலைக்கவசத்திலும் நாரைதான். பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுத்து எறிகிறவன் குவார்ட்டர்பேக். பத்து வருடங்களுக்கு மேலாக அந்த வேலை ரீஸுடையது. போன சீசனில் பாதி ஆட்டங்களை முழங்காலில் கட்டோடு வெளியே உட்கார்ந்து பார்த்தான்.

"முப்பத்தேழு வயசு. ரெண்டு முட்டியும் வெட்டித் தச்சது. இன்னும் அவனையே கட்டிட்டு அழுதா நம்ம நாரை ஒத்தக் கால்லயேதான் நிக்கும்," என்றான் லியோன் ஸ்டாசியாக். கண்ணாடித் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். நாற்பத்தெட்டு வயது, அகன்ற தோள், பக்கத்து மேசைக்கும் சேர்த்துப் பேசும் குரல்.

"நாரைன்னா ஒத்தக் கால்லதான்டா நிக்கும். அதுதான் அதுக்கு அழகு," என்றான் ஓட்டிஸ் கிரீன்லீ. இரண்டு தெரு தள்ளி டயர் கடை வைத்திருப்பவன். பள்ளிக்கூட நாளிலிருந்து லியோனின் சிநேகிதன். "ரீஸ் வர்றதுக்கு முன்னாடி நாம எப்படி இருந்தோம்? தோத்த வெக்கத்துல காகிதப் பையில கண்ணுக்கு ரெண்டு ஓட்டை போட்டு மூஞ்சில மாட்டிக்கிட்டு ஸ்டேடியத்துக்குப் போனியே, ஞாபகம் இருக்கா?"

"அதுக்கு நன்றி சொல்லியாச்சு. சிலை வேணும்னாலும் வைப்போம். பந்து மட்டும் டூபோய் எறியட்டும். பாசம் வேற, ஆட்டம் வேற."

மைக்கா டூபோய் இரண்டு வருடங்களாக ரீஸின் பின்னால் காத்திருந்த பையன். கை துப்பாக்கி மாதிரி. பந்து எங்கே போகும் என்பது மட்டும் அவனுக்கே தெரியாது என்பது ஓட்டிஸின் கட்சி.

மேசைக் கோடியில் தபால்காரச் சீருடையில் முட்டை தின்றுகொண்டிருந்த கெண்ட்ரா வாலஸ் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எவன் எறிஞ்சா என்ன? இடது பக்கத்துல தடுக்க ஆளே இல்ல. பந்தைக் கையில வாங்கறதுக்குள்ள மூணு தடியனுங்க மேல விழறானுங்க. மொதல்ல அங்க ஒரு மலை மாதிரி ஆளைக் கொண்டாங்க. அப்பறம் யார் எறியறதுன்னு பேசலாம்."

"மலையைப் பாக்க யாரும்மா டிக்கெட் வாங்குவா?" என்றான் லியோன். எல்லோரும் சிரித்தார்கள். கெண்ட்ராவும் சிரித்தாள், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

லியோன் அதோடு நிறுத்தவில்லை. உள்ளூர் வானொலியின் விளையாட்டு நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டு, மூச்சு விடாமல் பேசினான். "வயசானவனுக்குத் தானா எந்திரிச்சு வழி விடத் தெரியணும். தெரியலன்னா கூட இருக்கறவங்க சொல்லணும். அது துரோகம் இல்ல, மரியாதை," என்றான். நிகழ்ச்சி நடத்துபவருக்கு அது பிடித்துப்போய் அன்று முழுவதும் திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார். தொழிற்சாலையில் எதிர்ப்பட்டவர்களெல்லாம் அவன் முதுகில் தட்டினார்கள்.

அடுத்த வாரம் ஹெரன்ஸ் அணி ரீஸை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்துவிட்டதாக அறிவித்தது. உணவகத்துத் தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடியபோது லியோன் இரண்டு கைகளையும் தூக்கினான். ஓட்டிஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். தட்டில் இருந்த தொத்திறைச்சி ஆறிக்கொண்டிருந்தது.

"சரி, விடுடா. ஒரு ஆட்டக்காரன்தானே," என்றான் லியோன்.

"ஆமா, ஆட்டக்காரன்தான்," என்று ஓட்டிஸ் எழுந்து போனான். அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் அவன் வரவில்லை.

ஏப்ரல் பிறந்ததும் இவர்களுடைய சொந்த ஆட்டத்துக்கு நேரம் வந்தது. இர்மாவின் உணவகத்துக்கு ஓர் அணி உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கா மைதானத்தில் மற்ற கடைகளின் அணிகளோடு மோதும். இதில் யாரும் யாரையும் தள்ளி வீழ்த்துவதில்லை. இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவிவிட்டால் ஓடுகிறவன் நின்றுவிட வேண்டும். சட்டைகள் இர்மாவின் செலவு, அதனால் முடிவும் அவளுடையது. அணி தொடங்கிய நாளிலிருந்து பந்து எறிவது லியோன். போன வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்தார்கள். அதுவும் எதிரணி வராததால்.

முதல் பயிற்சியன்று லியோன் பட்டையைக் கட்டிக்கொண்டு பந்துக்காகக் கை நீட்டினான். இர்மா பந்தைக் கொடுக்கவில்லை.

"கண்ணு, இந்த வருஷம் கெண்ட்ரா எறியட்டும்னு பேசி வச்சிருக்கோம்."

"யாரு பேசினா?"

"எல்லாருந்தான். கை தூக்கச் சொன்னேன், தூக்கினாங்க."

"எங்கிட்ட யாரும் கேக்கலியே."

இர்மாவுக்கு எழுபது வயது. சுற்றிவளைத்துப் பேசிப் பழக்கமில்லை. "ரேடியோவுல நீதானே சொன்ன? கூட இருக்கறவங்க சொல்லணும், அது மரியாதைன்னு. நல்லா இருந்துச்சு கண்ணு. நான் சமையக்கட்டுல நின்னு கேட்டேன்."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். லியோனுக்குக் காது மடல் சுட்டது. கெண்ட்ராவைப் பார்த்தான், அவள் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பட்டையை அவிழ்த்துப் புல்லில் போட்டுவிட்டு வண்டியை நோக்கி நடந்தான். மெதுவாகத்தான் நடந்தான். யாராவது கூப்பிடுவார்கள் என்று நினைத்தான்.

வண்டிக் கதவைத் திறந்தபோது பின்னால் ஓட்டிஸ் வந்து நின்றான்.

"நீயும் தூக்கினியா கையை?" என்றான் லியோன்.

"தூக்கினேன். உனக்கு."

லியோன் திரும்பிப் பார்த்தான்.

"உனக்குன்னு தூக்கினது நான் ஒருத்தன்தான். நீ எறியறது நல்லாவே இல்லடா. போன வருஷம் நீ எறிஞ்ச பந்துல ஒண்ணு ஐஸ்க்ரீம் வண்டியில விழுந்துச்சு. இருந்தாலும் உனக்குத்தான் தூக்கினேன்." ஓட்டிஸ் மைதானத்துக்குத் திரும்பிப் போனான்.

அந்த வார இறுதி முழுவதும் லியோன் வீட்டில் கதவுகளைச் சத்தமாகச் சாத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவி மார்லா பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள். வலியில் இருப்பவர்களிடம் அதிகம் பேசக்கூடாது என்று அறிந்தவள். கடைசியில் மட்டும் கேட்டாள்: "உனக்கு எறியறது பிடிக்குமா, ஆடறது பிடிக்குமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"அப்படியா? சரி," என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் வானொலியைப் போட்டான். யாரோ ஒருவன் ரீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த தகரம், தூக்கிப் போட்டதுதான் சரி என்றான். ஒவ்வொரு சொல்லும் லியோன் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னதுதான். கேட்பதற்கு இப்படி இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. வானொலியை அணைத்தான். ரீஸ் இந்நேரம் எங்கே வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான், அவனும் இதைக் கேட்டிருப்பானா என்று யோசனை ஓடியது.

அன்று மாலை நேராக டயர் கடைக்குப் போனான். ஓட்டிஸ் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ரீஸை அனுப்பினது சரிதான். அதுல நான் மாறல," என்றான் லியோன்.

"இதைச் சொல்லத்தான் வந்தியா?"

"இல்ல. அன்னிக்கு நீ தட்டைத் தொடாம எந்திரிச்சுப் போன. நான் கையைத் தூக்கிக் குதிச்சுக்கிட்டு இருந்தேன். அது தப்பு."

ஓட்டிஸ் சக்கரத்தை உருட்டிச் சுவரில் சாய்த்தான். "கெண்ட்ரா நல்லா எறியறா தெரியுமா? பிடிக்கத்தான் ஆள் இல்ல. எனக்கு இந்தத் தொப்பையோட ஓட முடியல. நீ சின்ன வயசுல பந்து பிடிச்சவன்தானே, பள்ளிக்கூடக் கோச் உன்னை எறிய விடறதுக்கு முன்னாடி?"

"அது எப்பவோ."

"புதன்கிழமை பயிற்சி. வந்தா வா."

புதன்கிழமை போனான். இர்மா பட்டையை நீட்டினாள், கட்டிக்கொண்டான். கெண்ட்ரா அருகே வந்து, "இருபது அடி ஓடி உள்பக்கம் திரும்புங்க. பந்து அங்க இருக்கும்," என்றாள்.

"நான் திரும்பறதுக்கு முன்னாடியே எறிஞ்சிடுவியா?"

"ஆமா. நீங்க நம்பித்தான் திரும்பணும்."

ஓடினான், திரும்பினான், பந்து நெஞ்சில் அடித்துக் கீழே விழுந்தது. மறுபடி ஓடினான். மூச்சு விசிலடித்தது. இருட்டுவதற்குள் பாதிப் பந்துகளாவது கையில் தங்கின. விரல்களெல்லாம் எரிந்தன, ஆனால் வீட்டுக்கு வந்து மார்லாவிடம் அதைக் காட்டியபோது அவன் குறைசொல்லும் முகத்தோடு இல்லை.

மாதக் கடைசியில் டிராஃப்ட் வந்தது. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துப் பொறுக்கியெடுக்கும் நாள். உணவகத்தில் உட்கார இடமில்லை. ஹெரன்ஸ் முறை வந்ததும் அறிவித்த பெயர் ஐயோவா மாநிலத்துப் பண்ணைப் பையன் ஒருவனுடையது. இடது பக்கத்தில் தடுப்பவன். திரையில் அவன் எழுந்து நின்றபோது பக்கத்தில் இருந்த அவன் அப்பாவே மறைந்துபோனார்.

"மலை," என்றான் லியோன்.

"மலையைப் பாக்க யாரு டிக்கெட் வாங்குவா?" என்று கேட்டாள் கெண்ட்ரா.

"நான் வாங்கறேன்மா, தாயே. ஆளை விடு."

மே மாத முதல் ஞாயிறு. எதிரணி ஆற்றுக்கு அக்கரையிலிருந்த இரும்புச் சாமான் கடைக்காரர்கள். லியோன் முதல் பந்தைக் கோட்டைவிட்டான். "பந்தைப் பாருங்க, என்னைப் பாக்காதீங்க," என்று கெண்ட்ரா மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். ஓட்டிஸ் ஓரத்தில் நின்று, தனக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருப்பதாக அறிவித்தான்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவள் மறுபடி அவன் பக்கம் எறிந்தாள். அவன் திரும்பியபோது பந்து ஏற்கெனவே காற்றில் இருந்தது. கை நீட்டினான், பந்து வந்து உள்ளங்கைகளில் உட்கார்ந்தது. பட்டையை உருவ வந்தவனை ஒதுக்கிவிட்டு, கடந்தால் புள்ளி கிடைக்கும் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் புல்லில் முகம் குப்புற விழுந்தான். எறிந்த காலத்தில் எத்தனையோ முறை அந்தக் கோட்டைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஆட்டத்தில் தோற்றார்கள், சொற்பப் புள்ளி வித்தியாசத்தில். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐஸ்க்ரீம் வாங்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தபோது, ரீஸை டென்வர் பக்கத்து அணி ஒன்று பேச அழைத்திருப்பதாக ஓட்டிஸ் சொன்னான்.

"நல்லா ஆடட்டும்," என்றான் லியோன். அவன் அதை மனதாரத்தான் சொன்னான். "நம்மளோட ஆடறப்ப மட்டும் வேண்டாம்."

"டூபோய் முதல் ஆட்டத்துலயே நாலு பந்தை எதிரி கையில குடுப்பான், பாரு."

"ரெண்டு," என்றான் லியோன். "மலை முன்னாடி நிக்கறான்ல."

"மூணு," என்றாள் கெண்ட்ரா. இர்மா, செப்டம்பர் வரை யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்றாள். அவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.