சந்தனம் பூசிய ஆதிப் பூமி

எல்லாரும் சுகம்தானே? முட்டி வலி, சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கின்றனவா? சரி, அது கேட்காது. நாம் தாராவின் குடுவைக்கு வருவோம்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்துகொண்டு சுபாங் ஜெயாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தாள் தாரா. வேலை சாதாரணமானதுதான்: பூமியில் உயிர் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கண்ணாடிக் குடுவையில் தண்ணீரும், அந்தக் காலத்துக் காற்றில் இருந்திருக்கக்கூடிய வாயுக்களும் அடைத்து, கீழே கொதிக்கவிட்டு, மேலே மின்னலுக்குப் பதிலாக மின்பொறி விடுவாள். நானூறு கோடி வருஷத்துக்கு முந்திய பூமி அப்படியே மேசைமேல் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். ஒரு வாரத்தில் அமினோ அமிலம் வர வேண்டும். உடம்பில் புரதம் கட்டுகிற செங்கல் அதுதான். மூன்று வருஷமாக ஒரு செங்கல்கூட வரவில்லை. மாதக் கடைசியில் கமிட்டி கூடுகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் ஆராய்ச்சியை மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் குடுவை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அத்தனை அமிலம். தாரா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த சோதனையில்தான் கணக்கு உதைத்தது. இந்த அமிலங்களில் இடக்கை, வலக்கை என்று இரண்டு வகை உண்டு. தானாக உண்டானால் இரண்டும் பாதிக்குப் பாதி வரும். உயிருள்ளவை இடக்கையை மட்டுமே வைத்துக்கொள்ளும். அவள் குடுவையிலோ எல்லாமே இடக்கை.

குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒரு குங்குமப் பொட்டு.

கிள்ளானிலிருந்து தினமும் ரயிலேறி வருகிற ஆய்வுக்கூட உதவியாளர் சின்னையாவைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், பூஜைக்கு என்ன பண்ணீங்க?"

"நீ சொன்னதத்தாம்மா. எதையும் விட்றாதீங்கன்னு நீதானே சிரிச்சுக்கிட்டே சொன்ன? மெஷினுக்கெல்லாம் சந்தனம், பொட்டு. குடுவைக்கு மட்டும் உள்ளயும் பால் அபிஷேகம். அதுக்குத்தானே மூணு வருஷமா நேரம் சரியில்ல."

"கழுவுனீங்களா?"

"பைப் தண்ணில ரெண்டு அலசு அலசுனேன்லா."

ஆக, மூன்று வருஷம் ராப்பகலாக ஆராய்ந்து தாரா பசு மாட்டைக் கண்டுபிடித்திருந்தாள்.

சின்னையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அந்த இடக்கைக் கணக்கை மட்டும் காட்டாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று மெதுவாகக் கேட்டார். தாராவுக்கும் அதே ஆசைதான். கைபேசியில் தேதியைப் பார்த்தாள், குடுவையைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள். பிறகு அந்த முடிவு மொத்தத்தையும் அடித்துப்போட்டாள்.

குடுவையைச் சுத்தம் செய்கிற அமிலத்தில் ஊறப்போட்டுத் தேய்த்து, வாயுக் கலவையையும் கொஞ்சம் மாற்றி, மறுபடி ஏழு நாள் ஓட்டினாள். சின்னையா கையுறை மாட்டிக்கொண்டு வாசலில் காவல் உட்கார்ந்தார். தும்மப் போனவர்களைக்கூட வெளியே துரத்தினார்.

கமிட்டி கூடிய அன்று காலையில் முடிவு வந்தது. வந்தது துளியூண்டு. ஆனால் இடக்கையும் வலக்கையும் பாதிக்குப் பாதி. யாரும் செய்யாமல் தானாக வந்தது. தாரா கமிட்டியிடம் பால் அபிஷேகத்தையும் மறைக்காமல் சொன்னாள். சிரித்து முடிக்கவே அவர்களுக்கு நேரம் பிடித்தது. பிறகு இன்னும் இரண்டு வருஷம் கொடுத்தார்கள்.

சின்னையாவுக்குத் திருப்தியில்லை. "இவ்ளோதானா? பால் ஊத்துனப்ப எவ்ளோ வந்துச்சு."

"அப்ப பூமில மாடே கிடையாது, அங்கிள்."

"அதாம்மா நாம வந்து சேர நானூறு கோடி வருஷம் ஆயிருக்கு."

இப்போது பொட்டு ஆய்வுக்கூடக் கதவுக்கு மட்டும்தான், அதுவும் வெளிப்பக்கம். உங்கள் வீட்டில் பூஜை போட்டே எதைக் கெடுத்தீர்கள்? மிக்ஸியா, மடிக்கணினியா, புதுக் காரா? வெட்கப்படாமல் எழுதிப் போடுங்கள்.