கீழ் வளைவு

தேயிலைத் தோட்டத்தில் கௌசிகா பிறந்த லயத்து வரிசை வீடு பதுளை ஓயா ஆற்றின் கரையிலேயே இருந்தது. அவள் வேலை பார்த்ததோ, அந்த ஓயா எந்தக் கரையை எப்போது தின்னும் என்று கணினியில் கணக்குப் போடும் பதுளை அரசாங்கக் கந்தோரில். 2003இல் ஒருநாள் திரையில் லயத்தடி சிவந்தது. சிவப்பென்றால் கரை இடியும். அங்கேதான் அம்மா கனகம் இருக்கிறாள்.

கந்தோர்ப் பொறியியலாளர் ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன். அவரை நச்சரித்து நச்சரித்து லயத்தடியில் கருங்கல் சுவர் கட்ட வைத்தாள். சுவரில் மோதும் தண்ணீர் திரும்பிப் போய்க் கீழ் வளைவை அரிக்கும் என்று கணினி அப்போதே காட்டியது. அங்கே வெறும் மானாப்புல்தானே, போனால் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

கரை உறுதியானதும் தோட்டத்து நிர்வாகத்துக்கு அந்த இடத்தின் மேல் கண் விழுந்தது. எல்லவுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் தங்க அங்கே ஹோட்டல் கட்டலாமாம்! லயத்தை இடித்தார்கள். சனங்களுக்குப் புது வீடு கொடுத்தார்கள். எங்கே? கீழ் வளைவில். பாவிகளுக்கு அத்தனை பெரிய தோட்டத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை.

கௌசிகா ஜெயரட்ணத்திடம் ஓடினாள்.

"அங்க கட்ட வேண்டாமெண்டு நான் தோட்டத்துக்கு எழுதிக் குடுத்தனான், பிள்ளை. வீடு கட்டுறது உங்கட வேலையில்லை எண்டு சொல்லிப்போட்டாங்கள்," என்றார். அவர் முகமும் செத்துப்போயிருந்தது. இன்னொரு சுவருக்குப் பணமில்லை என்று மேலிடமும் கைவிரித்துவிட்டது.

அம்மாவிடம் போனாள்.

"இந்தக் கரை நிக்காதும்மா. என்கூட பதுளைக்கு வந்துரு."

"போடி பைத்தியக்காரி! அன்னிக்கி லயத்த ஆறு அடிச்சிட்டுப் போயிரும்னு குதிச்ச. போச்சா?"

"சொவரு கட்டுனதாலதாம்மா போகல!"

"பொறந்ததுலருந்து இப்பதான் எனக்குன்னு தனியா ஒரு வாசல் கெடச்சிருக்கு. இத விட்டுட்டு எங்க வரச் சொல்ற?"

கௌசிகா அழுதாள், சண்டை போட்டாள். கனகம் அசைந்து கொடுக்கவில்லை.

மார்கழி மழையில் கீழ் வளைவு இடிந்தது. கனகத்தின் உடல் வெகுதூரம் தள்ளி, மூங்கில் புதரில் கிடைத்தது.

காரியம் முடிந்து கௌசிகா வேலைக்குத் திரும்பியபோது கொழும்பிலிருந்து மேலதிகாரி, பெரிய ஐயா, வந்திருந்தார். கணினி சொன்ன கோடும் ஆறு தின்ற கோடும் அச்சொட்டாகப் பொருந்தியதில் அவருக்கு ஒரே குஷி. ஜெயரட்ணம் தலை நிமிரவில்லை.

"அருமையா வந்திருக்கு! அளவுகளை உள்ளே போடுங்க, பிள்ளை. இனி மற்ற ஆறுகளுக்கும் இதையே பாவிக்கலாம்," என்றார் பெரியவர்.

அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. கௌசிகா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் வீடு நின்ற இடத்தில் ஓயா இப்போது எவ்வளவு ஆழம் என்று அளவுத் தாளைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் அடித்தாள்.