கரகரப் பெட்டி

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. வயிற்றில் இருக்கும்போதே உதைத்துக்கொண்டிருந்தேன் என்பாள் அம்மா. ஆனால் 1976ஆம் வருஷம், அந்தோனியார் திருநாளுக்கு முன்னால் நான் அலைந்த அலைச்சல் எனக்கே அதிகம். எல்லாம் சூசைரட்ணம் மாஸ்டர் கொடுத்த வாக்கினால் வந்தது.

மாஸ்டர் அட்டனில் பள்ளிக்கூட வாத்தியார். அக்கோர்டியன் வாசிப்பார், ஒரு பேண்டும் வைத்திருந்தார். அதில் எலக்ட்ரிக் கித்தார் வாசித்தது என் அண்ணன் றோலண்ட். கித்தார் பேண்டுக்குச் சொந்தம் என்றாலும், வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து ஒற்றைக் காம்பரா வீட்டில்தான் கிடக்கும். அண்ணன் கையிலிருந்து இறங்கினால் என் மடிக்கு ஏறிவிடும். அவனைவிட நான் நன்றாக வாசிப்பேன். இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். ஆனால் பொம்பளைப் பிள்ளை கோயிலில் பாடினால் போதும், மேடையில் கித்தார் எதற்கு என்பது மாஸ்டரின் கட்சி. அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது கொழும்புப் பேண்டுகளில் கித்தார் தொண்டை கட்டிய குரலில் கரகரவென்று பேச ஆரம்பித்திருந்தது. காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டிதான் அந்த மாயத்தைச் செய்தது. இறக்குமதி எல்லாம் நின்றுபோயிருந்த காலம், கடையில் அது எங்கே கிடைக்கும்? மாஸ்டர் அந்தச் சத்தத்துக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். நான் டவுனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். செத்துப்போன ரேடியோக்களிலிருந்து டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, ஈயம் வைத்து ஒட்டி, அந்தக் கரகரப்பை எப்படியோ பிடித்துவிட்டேன். நேராக மாஸ்டரிடம் போனேன்.

"மாஸ்டர், ஒங்களுக்கு அந்தச் சத்தம் வேணும். எங்கிட்ட இருக்கு. ஆனா திருநாள் அன்னிக்கு நான்தான் வாசிப்பேன்."

அவர் மோவாயைத் தடவிக்கொண்டே யோசித்தார். "சரி. பெட்டி ஒழுங்கா வேல செஞ்சா, ஒரு பாட்டு நீ வாசி."

அந்த ஒரு பாட்டுக்காகத்தான் நான் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஓடித் திரிந்தேன். அதுபோல வேறெதற்கும் நான் ஆசைப்பட்டதில்லை.

உள்ளே இருக்கிற சாமான் உள்ளங்கை அகலம்தான். தொல்லை கொடுத்ததெல்லாம் வெளிப்பெட்டி. முதலில் பிஸ்கட் டின்னில் வைத்தேன். மிதித்ததும் மூடி நசுங்கிக் கம்பியைத் தொட்டது, கித்தார் ஊமையாகிவிட்டது. அடுத்து, சோப்பு வைக்கிற பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டி அண்ணனின் ஒரே மிதியில் இரண்டாகப் பிளந்தது. "ஆனக்கால் ஒனக்கு!" என்று அவன் மேல் பாய்ந்தேன். பாவம், சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அப்புறம்தான் தேயிலைப் பெட்டி ஞாபகம் வந்தது. கப்பலில் எத்தனை தூக்கிப்போட்டாலும் உடையாத பலகை அது. ஓரமெல்லாம் தகரப் பட்டி வைத்து ஆணி அடித்திருப்பார்கள். உள்ளே வெள்ளி மாதிரி மினுங்கும் மெல்லிய தகடு ஒட்டிய தாள் விரித்திருப்பார்கள். எனக்கு வேண்டியதும் அந்தத் தகடுதான். பலகை மட்டும் என்றால் கரண்ட், ரேடியோ என்று வெளி இரைச்சல் எல்லாம் உள்ளே புகுந்துவிடும். சுற்றிலும் தகடு இருந்தால் அது தடுத்துக்கொள்ளும்.

பக்கத்துக் காம்பரா சின்னராசா அண்ணன் தேயிலைப் பெக்டரியில் பெட்டி அடிக்கிறவர். உடைந்த பெட்டிப் பலகையில் ஒரு குட்டிப் பெட்டி அடித்துக் கொடுக்கச் சொல்லி அவர் பிராணனை வாங்கினேன். மறுநாளே கொண்டுவந்து நீட்டினார். தங்கம் மாதிரி வேலை. மூலைக்கு மூலை தகரப் பட்டி, உள்ளே சுருக்கமில்லாமல் ஒட்டிய தாள்.

"தேயில பெட்டி மாதிரியே அடிச்சிருக்கேன் தங்கச்சி. ஈரம் உள்ள போகாது."

மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன், தேயிலைத் தூள் மணந்தது. உள்பக்கம் வெறும் தாள் தெரிந்தது, தகடு அதற்குப் பின்னால் பலகையோடு ஒட்டியிருந்தது. அதுவும் நல்லதுதான், கம்பி தகட்டில் படாது என்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்து லொறியிலிருந்து கழற்றிப் போட்ட, காலால் அமுக்கி லைட்டைத் தாழ்த்துகிற சுவிட்ச் ஒன்று கிடைத்தது. அதை மேலே பொருத்தினேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ரேடியோவின் திருகு ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன். தோட்டத்து முத்திரை அரைகுறையாகத் தெரிந்த பலகையில், சிவப்பு நகப்பூச்சால் என் பெயரை எழுதினேன். டோரீன். இனி எவனும் இதை றோலண்டின் பெட்டி என்று சொல்லக்கூடாது.

லயத்தில் கரண்ட் கிடையாது. பேட்டரி ரேடியோவில் மாட்டித்தான் சோதித்தேன். மிதித்ததும் கித்தார் சிறுத்தை மாதிரி உறுமியது. நிறுத்தினால் துளிச் சத்தம் இல்லை. நான் துள்ளிய துள்ளலில் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

திருநாள் அன்று மாலை, கோயில் மண்டபம் நிறைந்து வழிந்தது. மேடைக்கு மேலே டியூப் லைட் வரிசையாக எரிந்தது. திரைக்குப் பின்னால் பெரிய எம்பிளிபயரில் என் பெட்டியை மாட்டி மிதித்தேன்.

ம்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. ஆயிரம் குளவி ஒன்றாகக் கிளம்பிய சத்தம். அதற்குள்ளே எங்கிருந்தோ ரேடியோக்காரர் வேறு செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். மேலே எரிந்த லைட்டைக் கையால் காட்டினேன்.

"லைட்டுனாலதான் மாஸ்டர் இந்தச் சத்தம்! எங்க லயத்துல கரண்ட் இல்ல, அங்க கேக்கல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் மாஸ்டர். டிரம்ஸ்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

அடிப்பலகையை நெம்பித் திறந்தேன். தாள்தான் தெரிந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. தேயிலை தகட்டில் படக்கூடாது என்று தாளை எப்போதும் உள்பக்கம்தான் விடுவார்கள். சின்னராசா அண்ணன் கை அந்தப் பழக்கத்தில் செய்துவிட்டது. நானும் கம்பி படாது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, வயர் செருகும் ஜாக்கின் நட்டு தகட்டைத் தொட்டாக வேண்டும் என்பதை நினைக்கவில்லை. தொடாத தகடு இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பது எனக்கென்றே சொன்னது.

மூலையில் தாளை நகத்தால் சுரண்டினேன், தகடு மினுங்கியது. பெருவிரலைத் தகட்டிலும் சுட்டுவிரலை நட்டிலும் வைத்து அழுத்தினேன். இரைச்சல் அப்படியே அடங்கிவிட்டது.

"கண்டுபுடிச்சிட்டேன்! ஒரு துண்டுத் தகரம் வச்சா போதும். கொஞ்ச நேரம் குடுங்க மாஸ்டர்."

"நேரமா? பங்குச் சாமியார் முன்வரிசையில ஒக்காந்திருக்காரு. கைய வச்சா சத்தம் நிக்குதுல்ல? நீ அப்பிடியே புடிச்சிக்கிட்டுக் குந்து. றோலண்ட் வாசிக்கட்டும்."

"பெட்டி வேல செஞ்சா நான் வாசிக்கலாம்னு சொன்னீங்க."

"எங்க வேல செய்யுது புள்ள? நீ புடிச்சாத்தானே செய்யுது!"

திரை விலகிவிட்டது. நான் எம்பிளிபயருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் குந்தினேன். அண்ணன் என்னைப் பார்க்காமலே கித்தாரைத் தோளில் மாட்டினான். பெட்டி என் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது. அவன் கால் வந்து சுவிட்சை அமுக்கியது. என் கரகரப்பு மண்டபமெல்லாம் உறுமியது, கூட்டம் விசில் அடித்தது. அந்தக் கைத்தட்டலைக் கேட்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இவ்வளவு அலைந்து, கடைசியில் நான் ஒரு துண்டுத் தகரத்தின் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

விரல் மரத்தது. முழங்கால் துடித்தது. நானோ ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள்.

கையை எடுத்துவிட்டேன்.

குளவிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. ரேடியோக்காரர் சாமியாரின் முகத்துக்கு நேரே மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டு நின்றது. "புடி! புடி!" என்று மாஸ்டர் அக்கோர்டியனுக்கு மேலால் பல்லைக் கடித்தார். நான் எழுந்து நின்றேன். மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது.

"நான் புடிக்க மாட்டேன் மாஸ்டர். இது என் பாட்டு."

பெட்டி இரைந்துகொண்டே இருந்தது. அண்ணன் மாஸ்டரைப் பார்த்தான். பிறகு குனிந்து, பலகையில் சிவப்பாக எழுதியிருந்ததைப் பார்த்தான். தோளிலிருந்து கித்தாரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினான்.

"எந்த வெரல எங்க வைக்கணும்?" என்று கேட்டான்.

காட்டினேன். அத்தனை சனத்துக்கும் முன்னால், திருநாளுக்கென்று தைத்த வெள்ளைக் கால்சட்டையோடு, அண்ணன் என் காலடியில் குந்திப் பெட்டியைப் பிடித்துக்கொண்டான். இரைச்சல் நின்றது. நான் வாசிக்கத் தொடங்கினேன்.