கை தூக்கிய இருவர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் சென்னை மாநகராட்சிக்குத் தேர்தல் அறிவித்தபோது, மந்தைவெளிப் பக்கத்து வட்டம் ஒன்றில் ஒரே கட்சிக்காரர்கள் இருவர் கவுன்சிலர் ஆவதற்கு வேட்டி சட்டை தைத்துத் தயாராக இருந்தார்கள். இருபத்து மூன்று வருஷமாகத் தேர்தலே நடக்காத மாநகராட்சி அது. காத்திருந்ததில் பொன்னுரங்கத்துக்கு மீசை நரைத்துவிட்டது. அசோகனுக்கு முன்மண்டை வழுக்கையாகிவிட்டது.

பொன்னுரங்கம் வட்டச் செயலாளர். கால்வாய் ஓரத்துக் குடிசைகள் அவர் பேச்சைக் கேட்கும். அசோகன் முன்னாள் செயலாளர். மார்க்கெட்டும் அதைச் சுற்றிய சந்துகளும் அவர் பக்கம். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொதுக்கூட்ட நோட்டீஸில் யார் பெயர் மேலே வருவது என்று இருவருக்கும் தகராறு. அச்சகக்காரர் சமாதானமாக இருக்கட்டும் என்று இரண்டு பெயரையும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். எந்தப் பெயர் இடது பக்கம் என்று மறுபடியும் ஆரம்பித்து, கூட்டத்தன்று மேடையிலேயே சோடா பாட்டில் பறந்தது. அன்றோடு பேச்சு நின்றது. நாயர் டீக்கடையில் ஒருவர் டீ குடித்தால், மற்றவர் எதிர்ப்பக்கத்தில் நின்று சினிமா போஸ்டரைப் படித்துக்கொண்டிருப்பார்.

இந்த நிலையில் அந்த வட்டத்தைப் பெண்களுக்கு ஒதுக்கி உத்தரவு வந்தது.

இருவரும் ஒரு நாள் முழுக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் இருவர் மனைவிகளும் கட்சிக்கரைப் புடவையில் கோயிலுக்குப் போனதை ஊர் பார்த்தது. விருப்ப மனு கொடுக்கும்போது, 'உங்கள் முதல் விருப்பம் அமையாவிட்டால் வேறு யார்?' என்று மாவட்டச் செயலாளர் ஒரு கேள்வி போட்டிருந்தார். தன் மனைவிக்குக் கிடைக்காவிட்டாலும் அவன் மனைவிக்குக் கிடைக்கக் கூடாது என்று யோசித்து, பொன்னுரங்கம் 'பாஞ்சாலி, மகளிர் அணி' என்று எழுதினார். அசோகனும் அதே யோசனையில் அதே பெயரை எழுதினார்.

பாஞ்சாலி இஸ்திரி போடுகிறவள். தெருமுனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் தள்ளுவண்டி. கரிப்பெட்டியைத் தூக்கித் தூக்கி வலது கை கொஞ்சம் தடித்திருக்கும். இரண்டு தலைவர்களின் வேட்டியையும் பதினைந்து வருஷமாகத் தேய்த்துத் தருகிறவள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இவள் கவுன்சிலர் ஆனால் கையெழுத்து அவளுடையதாக இருக்கும், நாற்காலி நம்முடையதாக இருக்கும் என்று இருவருமே கணக்குப் போட்டதில் தப்பில்லை.

சிந்தாதிரிப்பேட்டைக் கட்சி அலுவலகத்தில் மாவட்டச் செயலாளர் இரண்டு மனுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலு வருசத்துல இவனுங்க ரெண்டு பேரும் ஒத்துக்கின ஒரே விசயம் இதுதான்யா. யாரும்மா அது பாஞ்சாலி?"

மகளிர் அணியோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த பாஞ்சாலி கையைத் தூக்கினாள்.

"நான்தாண்ணே. இன்னாண்ணே, துணி எதுனா எடுத்தாரணுமா?"

"இல்லம்மா. நாமினேசன் போடணும்."

அப்படித்தான் அவள் வேட்பாளர் ஆனாள்.

அதே பெயரை அவனும் எழுதியிருக்கிறான், அந்த நாற்காலியில் அவனுக்கும் பங்கு என்று தெரிந்ததும், அன்று சாயங்காலமே பொன்னுரங்கத்துக்கு ரத்த அழுத்தம் வந்தது. மறுநாள் அசோகனுக்கு மஞ்சள் காமாலை. போஸ்டர் கட்டுகள் கட்சி அலுவலகத்தில் பிரிக்காமலே கிடந்தன. பிடித்து வைத்திருந்த சுவர்களில் வெள்ளை மட்டும் அடித்திருந்தது, பெயர் எழுத ஆள் வரவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தச் சுவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

பாஞ்சாலி அழவில்லை. நாத்தனார் ரத்னாவைக் கூப்பிட்டு, வாக்காளர் பட்டியலை இஸ்திரி வண்டியின் மேல் விரித்தாள். ரத்னா ஒன்பதாவது வரை படித்தவள். அவள் பெயர்களைப் படிக்கப் படிக்க, பாஞ்சாலி துணியை வைத்து ஆளைச் சொன்னாள்.

"ஜெயராம், வயது இருபத்தொம்பது."

"அத்த அடி. மூணு வருசமா அந்த வூட்லருந்து பேண்டே வர்ல. அமெரிக்கா போயிட்டுது."

"கமலம்மாள், எழுபத்தாறு."

"போன தைக்கு முன்னாலயே ஒம்பது கெஜம் புடவ வர்றது நின்னு பூட்சு. பாவம், நல்ல அம்மா. அடி."

"பதினாறாம் நம்பர் வீட்ல ரெண்டு பேருதான் போட்டுகீது."

"நாலு சைஸ்ல சட்டை வருதுடி அங்க! வுட்டுப் போச்சு. ஃபாரம் குடுத்து சேக்கச் சொல்லு."

நான்கு நாளில் ஒன்பது பூத்துக்கும் பட்டியல் சுத்தமானது. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், யார் வீட்டில் யாருக்கு யாரோடு ஆகாது என்பதெல்லாம் ஓரத்தில் பென்சிலில் ஏறியது. அந்த வட்டத்தில் எந்தக் கட்சியிடமும் அப்படி ஒரு பட்டியல் இல்லை. ஆனால் பட்டியல் ஓட்டுப் போடாது. வீடு வீடாகப் போக ஆள் வேண்டும், பூத்தில் உட்கார ஏஜெண்டு வேண்டும். அந்த ஆட்கள் எல்லாரும் இரண்டு நோயாளிகளின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

தேய்த்த வேட்டியோடு பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனாள்.

"இன்னாண்ணே, பிரசர் எப்டி கீது?"

"தல சுத்துதும்மா. டாக்டரு எழுந்திரிக்கவே கூடாதுன்னுட்டாரு."

"படுங்கண்ணே, படுங்க. உங்க நாலு பூத்தயும் தானே பாத்துக்கறேன்னு அசோகன் அண்ணன் சொல்லிகினு கீறாரு. பொன்னுரங்கம் இல்லாமலே குடிசைங்கள்ல ஓட்டு வாங்கிக் காட்றேன்றாரு. நீங்க ரெஸ்ட் எடுங்க."

பொன்னுரங்கம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். "யாரு? அவனா? என் குடிசையிலயா?"

அங்கிருந்து நேராக அசோகன் வீடு. அவர் கீழாநெல்லிச் சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உடம்பப் பாத்துக்கங்கண்ணே. மார்க்கெட்டப் பத்திக் கவலப்படாதீங்க. பொன்னுரங்கம் அண்ணன் எல்லாத்தயும் எடுத்துகினாரு. அசோகனுக்கு அங்க பத்து ஓட்டுகூட சொந்தமா கெடையாதுன்னு நாயர் கடையில..."

சாறு ஜன்னல் வழியே வெளியே போனது.

மறுநாள் காலையில் இரண்டு பேர் ஆட்களும் தெருவில். சுவரில் பெயர் ஏறியது. குடிசைகளில் பொன்னுரங்கம் பூத் சிலிப்போடு நுழைந்தார். மார்க்கெட்டில் அசோகன் கறிக்கடை கறிக்கடையாகக் கும்பிட்டார். தன் பேட்டையைக் காப்பாற்றினால் மட்டும் போதாது என்று இருவருக்குமே தோன்றிவிட்டது. பொன்னுரங்கம் மார்க்கெட் பக்கம் ஆள் அனுப்பினார். அசோகன் கால்வாய்ப் பக்கம் வந்து பாட்டிமார்களின் முழங்கால் வலியை விசாரித்தார். ஒரே வீட்டுக்கு ஒரே கட்சி நோட்டீஸ் இரண்டு தடவை போனது. மக்களுக்கும் பிடித்திருந்தது, இத்தனை பேர் இத்தனை தடவை வந்து கேட்டதே இல்லை.

ஒரு வாரம் இப்படி ஓடியது. எட்டாம் நாள் காலை, ஒரு அடிபம்புப் பக்கத்தில் இருவரும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள்.

"இன்னாய்யா, என் பூத்தப் புடிக்க வந்தியா?" என்றார் பொன்னுரங்கம். நான்கு வருஷத்தில் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"உன் பூத்து எனுக்கு எதுக்கு? நீதான் எனுக்குப் பத்து ஓட்டு இல்லன்னு சொன்னியாமே!"

"நானா சொன்னேன்? யாரு சொன்னது?"

"பாஞ்சாலி."

பொன்னுரங்கம் தோள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். "எனுக்கும் அவதான் சொன்னா."

அடுத்த நிமிஷம் இருவரும் தோளோடு தோள் உரச இஸ்திரி வண்டியை நோக்கி நடந்தார்கள். பின்னால் இரண்டு பேர் ஆட்களும், தண்ணீர் பிடிக்க வந்த பெண்களும். தெருக்கோடியில் அந்த ஊர்வலத்தைப் பார்த்ததும் பாஞ்சாலி கரிப்பெட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஒன்று தோன்றியது.

"ரத்னா! ஓடு. பாஷா பாயக் காமிராவோட கூட்டியா. ஓடுடி!"

எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அக்பர் பாஷா பாதி டீயோடு வந்து நின்றபோது, இரண்டு தலைவர்களும் வண்டியின் இரு பக்கமும் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"யார டபாய்க்கிற நீ?" பொன்னுரங்கம் வலது கையை ஓங்கினார்.

"உன்ன நிக்க வச்சதே நாங்கதான்! நாங்க ரெண்டு பேரும்!" அசோகன் இடது கையைத் தூக்கினார்.

நடுவில் பாஞ்சாலி, இரு கைகளையும் கூப்பி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு காமிராவைப் பார்த்தாள். பளிச்சென்றது.

"இன்னா பாய் அது?" என்று இருவரும் ஒரே குரலில் திரும்பினார்கள்.

"ஒண்ணுமில்ல நைனா, ஃபிலிம் டெஸ்ட்" என்று பாஷா கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் மந்தைவெளி முழுக்க அந்தப் படம். வெற்றிக் களிப்பில் ஆளுக்கொரு கையை உயர்த்தி முழங்கும் இரண்டு தலைவர்கள், நடுவில் கும்பிடும் வேட்பாளர். கீழே கொட்டை எழுத்தில், 'கழகம் ஒன்றானது! வட்டம் வென்றானது!' இலக்கணப் பிழை அச்சகக்காரருடையது. பெயர்ப் பிரச்சினைக்கு அவர் இந்தத் தடவை நல்ல வழி கண்டிருந்தார். பெயரே போடவில்லை.

மறுத்துப் பேச இருவரும் வாய் திறப்பதற்குள், மாவட்டச் செயலாளரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. "அண்ணன் போஸ்டரப் பாத்துட்டுக் கண் கலங்கிட்டாரு. பெரியவங்க பெருந்தன்மன்னா இதான்னு எல்லா வட்டத்துக்கும் சொல்லிகினு கீறாரு." இதற்குப் பிறகு அது சண்டை போட்ட படம் என்று யார் போய்ச் சொல்வது? எதிர்க்கட்சி அலுவலகத்தில் அன்று சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. இந்த இருவரும் சேர மாட்டார்கள் என்பதை மட்டுமே நம்பி அவர்கள் வேலை பார்த்து வந்திருந்தார்கள்.

மிச்சம் இருந்தவை கோயில் குளத்துப் பக்கத்து இரண்டு பூத்துகள். படித்தவர்கள் வீடுகள், சங்கீத வாத்தியார்கள், பேங்க் ஆபீசர்கள். அங்கே வெயில் அடித்தாலும் ஓட்டுப் போட வர மாட்டார்கள், மழை பெய்தாலும் வர மாட்டார்கள். வீணை சொல்லித் தரும் ஹம்சா மாமி வாசலில் பாஞ்சாலி கும்பிட்டு நின்றாள்.

"ஏண்டி, நீயா நிக்கறே? நன்னாருக்கு போ. எங்காத்துல யாரும் ஓட்டே போடறதில்லையேடி. ஒவ்வொருத்தனா வந்து பல்லைக் காட்டிண்டு போறான். அப்புறம் லாரித் தண்ணிக்கு நான்தான் குடத்தைத் தூக்கிண்டு அலையறேன்."

"எனுக்குப் போடுங்கன்னு கேக்கல மாமி. யாருக்குனா போடுங்க. வந்து போடுங்க."

"பார்க்கலாம் போ" என்றாள் மாமி. அதற்கு வர மாட்டேன் என்று அர்த்தம் என்பது பாஞ்சாலிக்குத் தெரியும்.

தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால் அந்தத் தெருக்களில் ரத்னா வழக்கத்தைவிட அதிகமாகத் துணி வாங்கினாள். "லீவு வருது மாமி, எல்லாத்தயும் போட்ருங்க" என்று அலமாரியில் இருந்ததையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனாள். தேர்தலன்று காலை எட்டு மணிக்கு மாமியின் கணவர் சுந்தரராமன் பழைய துண்டைக் கட்டிக்கொண்டு வண்டிக்கு வந்தார்.

"ரத்னா, என் வேஷ்டி எங்கே? ஆத்துல உடுத்திக்க ஒண்ணு இல்லை."

"ரெடி சார். மடிச்சு வச்சுகீறேன். விரலக் காட்டுங்க."

"எந்த விரல்?"

"மை வச்ச விரலு. ஓட்டுப் போட்டவங்களுக்குத்தான் இன்னிக்குத் துணி."

"இதென்ன அக்கிரமம்! யாருக்குப் போடணும்கறே?"

"அத்த நா கேக்க மாட்டேன் சார். அது உங்க இஸ்டம். மை மட்டும் கீதான்னு பாப்பேன்."

சுந்தரராமன் கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு மாமியின் மடிசார் புடவையும் அதே மூட்டையில் இருப்பது ஞாபகம் வந்து, துண்டோடு பள்ளிக்கூடத்தில் இருந்த பூத்து வரிசையில் போய் நின்றார். பதினொரு மணிக்கு அந்த வரிசை கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. நைட்டியில் டீச்சர்கள், பனியனில் ஆடிட்டர்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சந்தித்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வரிசையிலேயே குசலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சி ஏஜெண்டு அதிகாரியிடம் புகார் சொன்னார். அதிகாரி ரத்னாவைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"ஓட்டுப் போடுங்கன்னு சொன்னா தப்பா சார்?" என்று கேட்டாள் அவள். அதிகாரி யோசித்துவிட்டு, துணியைக் கொடுத்துவிடச் சொல்லி உத்தரவு போட்டார். அதற்குள் மணி மூன்று.

எண்ணிக்கையன்று எட்டாவது பூத்து வரை இழுபறி. ஒன்பதாவது பெட்டியைக் கவிழ்த்து முடித்தபோது பாஞ்சாலி அறுபத்து மூன்று ஓட்டில் ஜெயித்திருந்தாள். ரத்னா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கரிப்பெட்டி தூக்கிய கையால் முதல் மாலையை வாங்கி ரத்னா கழுத்திலேயே போட்டாள் பாஞ்சாலி.

"என் குடிசைங்க இல்லன்னா?" என்றார் பொன்னுரங்கம்.

"என் மார்க்கெட் இல்லன்னா?" என்றார் அசோகன்.

வாசலில் மாலை போட்ட அம்பாசிடர் நின்றது. வெற்றி ஊர்வலம். பின் சீட்டில் கவுன்சிலருக்கு வலப்பக்கம் யார் உட்காருவது என்று உடனே ஆரம்பித்தது. ஆட்கள் இரண்டாகப் பிரியத் தொடங்கினார்கள். பாஞ்சாலி இருவரையும் பார்த்தாள். முன் கதவைத் திறந்து, டிரைவர் அப்துல் கரீம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"பின்னால ஃபுல்லா உங்களுக்குத்தாண்ணே. ரெண்டு பேரும் ஏறுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. ஏறினார்கள். ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார்கள். கார் மார்க்கெட்டைத் தாண்டியது. கால்வாய் ஓரம் திரும்பியபோது, பொன்னுரங்கம் மெதுவாகச் சொல்வது முன் சீட்டுக்குக் கேட்டது.

"பாத்தியா, எப்டி ஏறி உக்காந்துகினா முன்னால! நாளைக்கு நம்மள மதிப்பான்னா நெனக்கிற?"

"எங்க மதிக்கப் போறா" என்றார் அசோகன், அவர் பக்கம் சாய்ந்து. "அந்தப் போட்டோ விசயத்துலயே எனுக்குத் தெரிஞ்சு போச்சு. நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு கண்ணு வச்சுக்கணும்யா இவ மேல."

"அதத்தான் சொல்றேன். தெனமும் காலைல நாயர் கடைக்கு வந்துரு. பேசிக்கலாம்."

கார் அவள் தெருவை நெருங்கியது. கரீம் பாய் வேகத்தைக் குறைத்தார். பாஞ்சாலி கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தாள். நான்கு வருஷம் எதிரெதிர்ப் பக்கம் பார்த்த இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"நிறுத்தாத பாய்" என்று கிசுகிசுத்தாள். "அடையார் பக்கமா இன்னொரு ரவுண்டு போ."