ஆறு இறந்தகால வாக்கியங்கள்

மலேசியாவின் செனாவாங் தொழிற்சாலையில் ரோகினியின் இரண்டு விரல்கள் நசுங்கிப் போய்ப் பத்து நாளாகியிருந்தது. பிரஸ் மெஷினுக்குள் கை போகாமல் தடுக்கும் சேஃப்டி கவர் அன்று அதில் இல்லை. கழற்றியவன் சூப்பர்வைசர் சசிதரன். கவர் இருந்தால் வேலை மெதுவாக ஓடுகிறது, டார்கெட் எட்டாது என்று ஷிப்ட் மாறும் நேரத்தில் தன் கையாலேயே கழற்றினான். யாரும் பார்க்கவில்லை. கழற்றியது யாரென்று கண்டுபிடிக்கச் செவ்வாய்க்கிழமை விசாரணை. தெரிந்தால் வேலை போகும், போலீசும் வரும். பத்து நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரோகினியின் விரல்களை நினைத்து அல்ல, தன்னை நினைத்துத்தான்.

அந்த நேரம் பார்த்துத் தனலெட்சுமி கேண்டீனில் அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். ரோகினிக்கு முந்தைய ஷிப்டில் அதே மெஷினை ஓட்டியவள். பத்தொன்பது வருஷ ஆபரேட்டர்.

"தம்பி, லைன் லீடர் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாம். ஷிப்டுல என்ன நடந்துச்சுன்னு இங்கிலீஷ்ல எழுதிக் காட்டணுமாம். எனக்கு நடக்கிறதையே எழுத வராது, நடந்தத எங்க எழுதுறது? நீதான் சொல்லித் தரணும்."

இருவரும் ஒரே ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். அவன் முதலாம் வகுப்புக்குப் போனபோது மூக்கைச் சிந்திவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் இவள். அந்த உரிமையில் கேட்டாள். அந்த உரிமைதான் அவனுக்கு வசதியாகவும் போயிற்று.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே சொல்லிக்கொடுத்தான். பாதி வினைச்சொற்களுக்கு வாலில் ஒரு 'எட்' ஒட்டினால் போதும், ஓப்பன் ஓப்பன்ட் ஆகிவிடும் என்றான். சிலது சொன்னபடி கேட்காது, கோ என்பது வென்ட் ஆகும், டேக் என்பது டுக் ஆகும், அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும் என்றான். நான்கு நாள், சாப்பாட்டு நேரத்தில் அரை அரை மணி. தனலெட்சுமி தட்டிலிருந்த மீ கோரெங் நூடுல்ஸை ஆறவிட்டு எழுதினாள். ஐந்தாம் நாள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான்.

"நம்ம வேலையவே வச்சு எழுதுவோம்க்கா. மனசுல நிக்கும்."

ஐ ஸ்டார்ட்டட் தி மெஷின். ஐ ஓப்பன்ட் தி கவர். ஐ டுக் இட் அவுட். ஐ ஃபர்காட் டு புட் இட் பேக். ஐ டிட் நாட் டெல் எனிபடி. ஐ வென்ட் ஹோம்.

மூன்றாவது வாக்கியத்தில் அவள் பேனா நின்றது.

"ஏன் தம்பி, நான் கழட்டுனேன்னு எழுதுறோம்?"

"ஐயோ அக்கா, இது பயிற்சி. ஸ்கூல்ல புலியக் கொன்னேன்னு எழுதலையா? நீங்க என்ன, புலியவா கொன்னீங்க?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆறையும் முத்து முத்தாக எழுதி முடித்தாள். கையெழுத்தை எப்படி வாங்குவது என்றுதான் அவன் அதுவரை மண்டையைக் குடைந்துகொண்டிருந்தான். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பெயரில்லாத தாளுக்குத் தோட்டப் பள்ளியில் தொடையில் கிள்ளு விழும். அந்தப் பழக்கத்தில் அவளே அடியில் பெயர், ஆபரேட்டர் எண், தேதி எல்லாம் எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினாள்.

"திருத்திட்டுத் தர்றேன்க்கா" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கியது. வெட்கங்கெட்ட வயிறு.

செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் மேனேஜரும் பணியாளர் அதிகாரி விமலாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து நாற்காலியில் ரோகினி, கட்டுப் போட்ட கையோடு. கதவருகே சசிதரன். சசிதரன் கொடுத்திருந்த தாளை விமலா தனலெட்சுமியிடம் காட்டினாள்.

"இது நீங்க எழுதுனதாக்கா?"

"ஆமாம்மா, நான்தான்" என்றாள் தனலெட்சுமி, பெருமையாக. லைன் லீடர் வேலைக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள், பாவம்.

விமலா ஆறு வாக்கியத்தையும் உரக்கப் படித்தாள்: மெஷினை ஓட்டினேன், கவரைத் திறந்தேன், கழற்றினேன், திரும்ப மாட்ட மறந்தேன், யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்குப் போனேன். பிறகு, "ஏன்க்கா அப்பவே சொல்லல?" என்றாள்.

தனலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ, இது பாடம்மா! தம்பிதான் சொல்லிக் குடுத்துச்சு. தம்பி, சொல்லு தம்பி!"

எல்லாரும் சசிதரனைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அழுதுக்கிட்டே கொண்டாந்து குடுத்தாங்க. நான் ஒரு எழுத்துகூட மாத்தல."

ரோகினி எழுந்து தனலெட்சுமியின் முன்னால் வந்து நின்றாள். "ஆஸ்பத்திரியில என் தலைய மடியில வச்சுக்கிட்டு அழுதியே அக்கா. எதுக்கு அழுதன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். தனலெட்சுமி அவள் காலைப் பிடிக்கக் குனிந்தாள். ரோகினி விலகி நடந்து, சசிதரனிடம் போனாள்.

"நீங்க இல்லன்னா இது வெளிய வந்திருக்காதுண்ணே" என்று கட்டுப் போட்ட கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

சசிதரன் அந்தக் கையை நோகாமல் பிடித்து இறக்கிவிட்டு, "பரவாயில்லமா, உட்காரு" என்றான்.