மூன்றாவது மாடியில் லிப்ட் நிற்கும்போது

“இது உங்களுக்கு முதல் நாயா?” என்று நாய்ப் பண்ணைக்காரர் கேட்டார்.

“இல்லைங்க, ஏற்கெனவே ரெண்டு வளர்த்திருக்கேன்” என்றேன்.

கூசாமல் சொன்ன பொய். அதுவரை நான் சோறு போட்டு வளர்த்தது என் வீட்டுக்காரரை மட்டும்தான். அவரும் அதற்கு எட்டு மாதம் முன்பு வேலைவிட்டு வரும்போது, பஸ்ஸில் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டார்.

பண்ணைக்காரர் லேசில் விடவில்லை. “இவனோட அப்பா, அம்மா, தாத்தா எல்லாம் போலீஸ்ல வேலை பார்த்ததுங்க. சோபாவுல படுத்துக் கிடக்கிற வம்சம் இல்லம்மா இது. தினமும் வேலை குடுக்கணும். நீங்க குடுக்கலைன்னா அவனே ஒண்ணைத் தேடிக்குவான். அது என்னன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.”

நன்றாகத் தலையாட்டினேன். அதில் என்னை அடிக்க ஆளில்லை. குட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு மாதமாக எல்லோரும் என்னைப் ‘பாவம்’ என்றுதான் பார்த்தார்கள். இது அப்படிப் பார்க்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். “அக்கா, ஒரு தொட்டிச் செடியையே உனக்கு உயிரோட வச்சிருக்கத் தெரியாது. மடியில வச்சுக் கொஞ்சற மாதிரி சின்னதா ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?” ஆனாலும் அதற்குப் பெயர் வைத்தது அவள்தான். வந்த அன்றே வீடு முழுக்க மோப்பம் பிடித்துச் சோதனை போட்டதால் ஆபீசர். சனிக்கிழமை காலை தோறும் வருவாள். “ஆபீசர் சாப்பிட்டாரா?” என்று கேட்டபடியே செருப்பைக் கழற்றுவாள். அவளை விட்டால் எனக்கென்று வேறு யாரும் கிடையாது.

எனக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பிளாஸ்டர் மாவில் வார்த்த ஈறு அச்சுகளோடும் மெழுகோடும் மல்லுக்கட்ட வேண்டும். ஒன்பது மணி நேரம் ஆபீசர் வீட்டில் தனியாக இருந்தான். காலையில் அரை மணி பந்து போட்டால் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவன் சோபாவைக் கிழித்தான், கதவு நிலையைக் கடித்தான், என் நான்கு ஜோடி செருப்பிலும் இடது காலாகப் பார்த்துத் தின்றான். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டேன். பண்ணைக்காரர் மாதாமாதம் போன் செய்யும்போதெல்லாம் “தங்கமா இருக்கான் சார்” என்றேன்.

அவன் வந்த பத்தாவது மாதம் சேட்டை திடீரென்று நின்றது. அடங்கிவிட்டான், நான் ஜெயித்துவிட்டேன் என்று பூரித்துப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு எங்கள் மாடியில் லிப்ட் ‘டங்’ என்று நிற்கும். எதிர்வீட்டுக்காரர் வருகிற நேரம். என் வீட்டுக்காரர் வந்துகொண்டிருந்ததும் அதே நேரத்துக்குத்தான். அந்தச் சத்தம் கேட்டதும் ஆபீசர் எழுந்துபோய்க் கதவை ஒட்டி நிற்பான். காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் திரும்புவான். அவரைப் பார்த்தே இராத நாய் அவருக்காகக் காத்திருக்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே தடவிக் கொடுத்தேன். தினமும் ஒரு பிஸ்கட்டும் கொடுத்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை தங்கைக்குக் காலையில் வர முடியவில்லை. தையல் கடையை அடைத்துவிட்டுச் சாயங்காலம் வந்தாள். ‘டங்.’ குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த என் கை நின்றது. அவளிடம் இருந்த சாவி பூட்டில் திரும்பியது. ஆபீசர் குரைக்கக்கூட இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவளுடைய வலது கை அவன் வாயில் இருந்தது.

அலறினேன். உடனே விட்டுவிட்டான். விட்டுவிட்டு என்னைப் பார்த்து வாலாட்டினான். பிஸ்கட்டுக்காக.

காயத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. பல் தடம் பார்ப்பதுதானே என் பிழைப்பு. மேலே இரண்டு குழி, கீழே இரண்டு குழி, இம்மிகூட இழுபடவில்லை. வெறியில் கடித்த கடியில்லை, பிடித்து நிறுத்திய கடி. ஆஸ்பத்திரியில் ஆறு தையல் போட்டார்கள். “ஊருக்கெல்லாம் நான் தைக்கிறேன், எனக்கு எவனோ கோணலாத் தைச்சிருக்கான்” என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, அழுதாள். கத்தரிக்கோல் பிடிக்கிற கை அது.

“அவன் அங்க இருக்கிற வரைக்கும் நான் உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்க்கா” என்றாள்.

போன் செய்து கூப்பிட்டேன், மறுநாள் சாயங்காலம் பண்ணைக்காரர் வந்தார். பொய்யையெல்லாம் ஒன்றுவிடாமல் கக்கினேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கூடத்தில் உட்கார்ந்து, “நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க” என்றார். துணி மடித்துக்கொண்டிருந்தேன். ‘டங்’ என்றது. ஆபீசர் கதவுக்குப் போனான்.

“அவன் லிப்டைக் கேட்டுப் போகலம்மா. முதல்ல உங்களைத் திரும்பிப் பார்த்தான். உங்க கை நின்னுடுச்சு, தோள் ஏறிடுச்சு, மூச்சே இல்ல. வெளியில ஆபத்துன்னு நீங்க சொல்றீங்க, அவன் போய் நிக்கிறான். இதுதான் அவனோட வேலை. நீங்க குடுத்தது.”

“நான் பயப்படல சார்.”

“பின்ன?”

காத்திருக்கிறேன் என்று அந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

“காவல் வேலை இருக்கிற இடமாப் பார்த்துக் குடுத்துடறேன். அவன் மேல தப்பில்ல” என்று சங்கிலியை மாட்டினார். லிப்டுக்குள் போன ஆபீசர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். “நீங்க உள்ள போயிடுங்கம்மா. உங்க முகம் தெரியிற வரைக்கும் அவனுக்கு டூட்டிதான்” என்றார். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அவனை ஒரு தடவை தடவிக்கூடக் கொடுக்கவில்லை. அது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

இன்று தங்கை போன் செய்தாள். சனிக்கிழமை வருகிறாளாம், கட்டுப் பிரித்துவிட்டார்களாம், சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லையாம். பேசிக்கொண்டிருக்கும்போதே ‘டங்’ என்றது. என் கை நின்றது, மூச்சு நின்றது. “அக்கா? லைன்ல இருக்கியா?” என்றாள்.

கதவருகே போய் நிற்க யாரும் இல்லை. நான் எழுந்துபோய் நின்றேன். காலடிச் சத்தம் எதிர்வீட்டுக்குள் போய் ஓயும்வரை நின்றேன்.